சுவரேறிக் குதித்த மலாங்

என் தம்பி மலாங் ஐரோப்பாவில் பதினான்கு வருஷம் கால்பந்து விளையாடினான். முதலில் நார்வே, பிறகு பெல்ஜியம், ஸ்லோவாக்கியா, கடைசியாகப் போர்ச்சுகலில் இரண்டாம் டிவிஷன். எந்த ஊரிலும் அவனை நெடுநாள் வைத்துக்கொள்ளவில்லை. டிவியில் தேடினால் பெரும்பாலும் பெஞ்சில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இங்கே ஸீகன்ஷோரில் எங்கள் பேட்டைக்காரர்களுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. அவர்களுக்கு அவன் சிங்கம்.

அந்த ஆகஸ்டில் அவனுக்கு முப்பத்து மூன்று வயது. சைப்ரஸில் ஒரு கிளப் அவனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அடுத்த வாரம் போய் டாக்டரிடம் உடம்பைக் காட்ட வேண்டும், அவர் சரியென்றால் கையெழுத்து. அதுதான் கடைசி ஒப்பந்தம் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதற்குள் மழைக்கால நவேத்தான் வந்துவிட்டது. பேட்டைக்குப் பேட்டை மோதும் ஆட்டம். ஊரே பித்துப் பிடித்து அலையும். எங்களுக்கு முதல் ஆட்டமே ஆற்றங்கரைக்காரர்களோடு. எங்கள் கோச் லான்சானா நான் மீன் விற்கும் இடத்துக்கே வந்து நின்றான்.

"டியெனாபாக்கா, ஒரே ஒரு பாதி ஆடட்டும்கா."

"அவன் கால் மேல கண்ணு வச்சேன்னா, இந்தக் கத்தி மீனை மட்டும்தான் வெட்டும்னு நெனைக்காதே."

லான்சானா இறங்கி வந்தான். மலாங் ஆட வேண்டாம், பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், பையன்களுக்குத் தெம்பாக இருக்கும் என்றான். பெஞ்சில் உட்காருவதில் என் தம்பியை மிஞ்ச ஆள் கிடையாது. சரியென்றேன்.

ஆட்டத்தன்று காலையில், எங்களுக்கு மந்திரிக்கும் மராபூ ஆள் அனுப்பினார். ஆற்றங்கரைக்காரர்கள் மைதான வாசலில் செய்வினை புதைத்திருக்கிறார்கள், அதுவும் மலாங்கின் காலுக்கென்றே. ஒருவரும் வாசலை மிதிக்கக் கூடாது. இது எங்களுக்குப் புதிதில்லை. அந்த மாதிரி நாளில் அணி பின்சுவர் ஏறித்தான் உள்ளே போகும்.

பையன்கள் ஒவ்வொருவராக ஏறிக் குதித்தார்கள். நான் மீன்சோற்று அண்டாவோடு கீழே நின்றேன். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. சுவரெல்லாம் பாசி.

"நீதான் ஆடலையேடா, வாசல் வழியாப் போயேன்."

"என் பேர்ல வச்சிருக்காங்களாம், நீ அதையே மிதிக்கச் சொல்றியேக்கா! உனக்கு வேற தம்பி இருக்கானா?"

சிரித்துக்கொண்டே ஏறினான். மேலே நின்று பேட்டைப் பெண்களுக்குக் கைகூட ஆட்டினான். அந்தப் பக்கம் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவன் கத்திய சத்தம்.

கணுக்கால் முறிந்துவிட்டது. ஆட்டத்தில் ஜெயித்தது என்னவோ நாங்கள்தான். ஆனால் அன்று மாலை மேளம் கொட்டியது ஆற்றங்கரையில். வாசலில் புதைத்தது சுவர் வரைக்கும் எட்டிப் பிடித்ததாம். எங்கள் பேட்டையிலும் அதையேதான் பேசினார்கள். பாசி வழுக்கியது என்று சொன்னவள் நான் ஒருத்திதான்.

ஏஜென்ட் போனில் கூப்பிட்டான். மலாங் ஸ்பீக்கரில் போட்டான்.

"சொல்லச் சொல்ல ஆடினியா?"

"ஆடல."

"பின்ன எப்படி உடைஞ்சுது?"

"மைதானத்துச் சுவர் ஏறிக் குதிச்சேன்."

"ஏன், அங்க வாசல் இல்லையா?"

"இருக்கு."

ஏஜென்ட் போனை வைத்துவிட்டான். அதோடு சைப்ரஸ் முடிந்தது.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மாவுக்கட்டோடு கிடந்தவனைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தனை நாட்டுலயும் வாசல் வழியாத்தானே போனே? ஒரு நாளாச்சும் சுவர் ஏறினியா? இங்க வந்தா மட்டும் உன் புத்தி எங்கடா போச்சு?"

அவனுக்குக் கோபமே வரவில்லை.

"அங்க எனக்கு யாருக்கா செய்வினை வைப்பா? நான் எறங்குனா என்ன, எறங்காட்டி என்ன? இங்க பாரு, நான் ஆடமாட்டேன்னு தெரிஞ்சும் பயந்துபோய் குழி தோண்டியிருக்கானுங்க."

சொல்லும்போது அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.