எட்டுச் சுரைக்குடுக்கைகள்

"புருசன் இருக்காராம்மா?" என்று கேட்டுவிட்டுப் பென்சிலைச் சீட்டின்மேல் வைத்துக் காத்திருந்தார் கந்தசாமி வாத்தியார். செல்லியம்மாள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். வாசலில் குந்தியிருந்த அவள் புருசனின் அண்ணன் அம்மாசிதான் வாயைத் திறந்தார்.

"வெதவைன்னு எழுதிக்குங்க வாத்தியாரே."

சுதந்திரத்துக்குப் பிறகு எடுக்கும் முதல் குடிக்கணக்கு. கள்ளக்குறிச்சியிலிருந்து வந்து இரண்டு நாளாகக் கல்வராயன் மலையில் நடந்து வாத்தியாருக்குக் காலெல்லாம் கொப்புளம். எதிரே வீடு இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாத பனி. அதற்குள் ஆட்களைத் தேடி எழுதுவது, தூக்கத்தில் நடப்பது போலத்தான் இருந்தது.

"அவரு எந்த வருசம் போனாரு?"

"மூங்கி பூத்த வருசங்க" என்றார் அம்மாசி.

வருசம் தெரியாதவர்களுக்காகவே ஒரு தாள் கொடுத்தனுப்பியிருந்தார்கள். எந்தெந்த வருசம் என்னென்ன நடந்தது என்று அதில் இருக்கும். மூங்கில் பூத்தது மட்டும் இல்லை. பாவம், அந்தத் தாளை எழுதியவர் மலையேறியதில்லை.

செல்லியம்மாள் கூரையைக் கை காட்டினாள். புகையேறிய எட்டுச் சுரைக்குடுக்கைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு அறுப்பிலும் முதல் கைப்பிடிச் சாமையைப் புருசன் வீரமுத்துவுக்கென்று ஒரு குடுக்கையில் போட்டுக் கட்டியிருந்தாள். வாத்தியார் விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணினார். நாற்பத்து மூன்றாம் வருசம். பட்டணத்தில் வெள்ளம், வங்காளத்தில் பஞ்சம், வானத்தில் சப்பான் விமானம் என்றது தாள்.

"மூங்கி பூத்துச்சு, எலி வந்துச்சு, சாமையெல்லாம் போச்சு" என்றாள் அவள். "சண்டைக்கு ரோடு போடணும்னு அசாமுக்கு ஆள் சேத்தாங்க. எறங்கிப் போனாரு, அதுக்கப்புறம் ஒரு சேதியும் இல்ல. எலி விட்டு வச்சதுலதான் மொத குடுக்க."

எந்த நாட்டுச் சண்டைக்கோ இந்த மலையிலிருந்து ஒருவன் மண் சுமக்கப் போயிருக்கிறான்.

அம்மாசி எழுந்து முதல் குடுக்கையை அவிழ்த்துக் காதருகே ஆட்டினார். சத்தமே இல்லை. பூச்சி தின்று தீர்த்திருந்தது.

"எட்டு வருசங்க. காரியம் பண்ணாம எந்தம்பி எங்க அலைஞ்சிக்கினு கெடக்குறானோ. சர்க்காரு எழுதிட்டா இவளும் ஒத்துக்குவா."

செல்லியம்மாள் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. வாத்தியாரின் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுவரைக்கும் யாரும் எழுதலீங்க. நீங்க எழுதுனீங்கன்னா செத்துருவாரு."

பனி உள்ளே வந்து அடுப்புப் புகையோடு கலந்தது. வாத்தியார் நிதானமாக எழுதினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் வாய்விட்டுப் படித்தும் காட்டினார்.

"செல்லியம்மாள். கல்யாணமானவள்."

அம்மாசி மறுபடி குந்திக் கொஞ்ச நேரம் வெற்றுக் குடுக்கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, அதை இருந்த இடத்திலேயே இறுக்கிக் கட்டினார்.

கிளம்பும்போது வாத்தியார் அண்ணாந்து பார்த்தார். எட்டாவது குடுக்கைக்குப் பக்கத்தில் புது நார் ஒன்று, அடுத்த அறுப்பின் குடுக்கைக்கு அளவாகச் சுருக்குப் போட்டு, வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது.