ஸ்லாதினாவின் கட்டில் போன தூரம்

அந்த ஆண்டு குளிர்காலத்துக்கென்று ஊரே மிளகாய் சுட்டுப் புட்டிகளில் அடைத்து முடித்த வாரத்தில், பேருந்து ஓட்டுநர் கமெனின் வீட்டுப் படுக்கையறை நீளத் தொடங்கியது. வெளிச்சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது; பக்கத்து வீட்டு முட்டைக்கோஸ் பாத்திக்குள் ஓர் அங்குலம்கூடப் போகவில்லை. உள்ளே மட்டும், கதவுக்கும் அவன் மனைவி ஸ்லாதினா படுத்திருந்த கட்டிலுக்கும் நடுவே தரை கூடிக்கொண்டே போனது. நவம்பர் நடுவில், கட்டில் வரை கொண்டு போவதற்குள் சூப் ஆறியது. முதல் பனி விழுந்தபோது கதவருகே நின்று பார்த்தால் கட்டில் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து உள்ளேயும் வெளியேயும் அளந்து, இரண்டு அளவும் சரிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்லாதினா தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். அவள் சிரித்தால் எதிரே ரொட்டிக் கடையில் கேட்கும். இப்போது கட்டிலைவிட்டு எழவே இல்லை. வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை. காரணம் தேடித் தேடி ஊர் களைத்துப்போய், கதவருகே வந்து நின்று யோசனை சொல்ல ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு சோன்காவின் குரல்தான் எல்லாரையும்விடப் பெரிது. "அடியே ஸ்லாதினா, எழுந்து கொஞ்சம் வெளிய வாடி, காத்து பட்டா எல்லாம் சரியாயிடும்." குரல் பாதி வழியிலேயே தரையில் விழுந்தது. கமெனும் கதவில் சாய்ந்தபடி பல வாரம் கத்திப் பார்த்தான். பிறகு சமையலறைப் பெஞ்சில் படுக்கப் பழகினான். தனியாகச் சாப்பிட்டான். பயணிகள் கேட்டால் அவளுக்குக் காய்ச்சல் என்றான்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதவைத் திறந்தபோது கட்டிலே தெரியவில்லை. கமென் பூட்ஸ் மாட்டி, மேலங்கி போட்டு, பீன்ஸ் சூப் பாத்திரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினான். உள்ளே காற்று ஊதியது. வழியெல்லாம் ஊர் சொன்ன சொற்கள் காய்ந்த இலைகளைப்போல் கிடந்தன. 'மனசைத் தளர விடாதே' கிடந்தது. 'உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க இல்லையா' கிடந்தது. 'உனக்கென்னதான் குறைச்சல்' என்பது மட்டும் குவியலாகக் கிடந்தது. அது தன் குரல் என்று கமெனுக்குத் தெரிந்தது. மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனான். அவன் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது.

ஸ்லாதினா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "எதுக்கு இவ்வளவு தூரம் நடந்து வந்தே?"

"பஸ் இந்தப் பக்கம் வரல."

அவள் சிரிக்கவில்லை. அவன் உட்காரக் காலை மட்டும் ஒதுக்கிக்கொண்டாள். சொல்ல நினைத்து வந்ததையெல்லாம் அவன் விட்டுவிட்டான். சூப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். "ஸ்லாதி, செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

"தோணுது. தினமும்." போர்வையை இழுத்துக்கொண்டு சொன்னாள். "சாகணும்னுகூட இல்ல. இல்லாம இருந்தாப் போதும்."

அவன் மேலங்கியைக் கழற்றினான். "சொன்னியே, அதுவே நல்லது. நான் இன்னிக்குப் போகல."

"இருந்து என்ன பண்ணுவே?"

"உட்காருவேன். இத்தனை வருஷமா எனக்கு வேலையே அதுதானே."

அவள் திரும்பினாள். சூப்பில் இரண்டு வாய் குடித்து, "ஆறிப்போச்சு" என்றாள்.

மறுநாள் காலை கமென் கதவுவரை நடந்து வந்து, தெருவில் போன ஒருவரிடம் டாக்டரை வரச் சொல்லியனுப்பிவிட்டு அப்படியே கட்டிலுக்குத் திரும்பிவிட்டான். மாவட்ட மருத்துவமனையிலிருந்து டாக்டர் யானெவா வந்தாள். அறையைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, காலணியை மட்டும் மாற்றிக்கொண்டாள். கட்டிலருகே உட்கார்ந்து ஸ்லாதினாவிடம் நிறையக் கேட்டாள், குறைவாகப் பேசினாள். கிளம்பும்போது கமெனிடம் சொன்னாள். "இது மனச்சோர்வு. சோம்பேறித்தனம் இல்ல, யார் தப்பும் இல்ல. மருந்து எழுதியிருக்கேன், அது வேலை செய்ய வாரக்கணக்காகும். அதுவரைக்கும் அவங்களைத் தனியா விடாதீங்க. நீங்களும் ஒருத்தரே நடந்து சாயாதீங்க, ஆள் சேத்துக்குங்க."

கமென் யாரையும் கூப்பிடவில்லை, கூச்சம். "பொண்டாட்டியப் பாக்க மேலங்கி போட்டுக்கிட்டுப் போறான் பாரு," என்று சோன்கா தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜனவரியில் கமெனுக்கே காய்ச்சல் வந்தபோது அந்தச் சோன்காதான் கையுறை மாட்டி, சீஸ் அடையைத் தட்டில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். வழியில் என்ன பார்த்தாளோ, வாழ்நாளில் வாய் மூடாதவள் கட்டிலருகே உட்கார்ந்து பேசாமல் பையிலிருந்த கஷ்கொட்டைகளை எடுத்து ஓடு உரித்தாள். அதன்பிறகு இருவரும் முறை வைத்துப் போனார்கள். பல நாள் ஸ்லாதினா ஒரு வார்த்தையும் பேசவில்லை. வசந்தத்தில் தூரம் குறைந்தது. ஒருநாள் அவளே எழுந்து பாதிவழி நடந்து, முடியாமல் திரும்பினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. செர்ரி பழுத்த சமயத்தில் கதவைத் தாண்டி வந்து காபி கேட்டாள்.

அறை பழைய அளவுக்கு முழுதாகத் திரும்பவே இல்லை. சில ஆண்டுகள் சும்மா இருந்தது, சில ஆண்டுகள் நீண்டது. பின்னொரு இலையுதிர் காலத்தில், காலைச் சாப்பாட்டின்போது ஸ்லாதினா தலை நிமிராமல் சொன்னாள். "அறை மறுபடியும் நீளுது, கமென்."

"எவ்வளவு?"

"கூப்பிட்டாக் கேக்காது."

கமென் அடுப்பை அணைத்தான். சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்பாக உள்ளே போய், அதைக் கட்டிலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான். அந்த வாரம் அறை நன்றாகவே நீண்டது. கதவிலிருந்து பார்த்தவர்களுக்குக் கட்டிலும் தெரியவில்லை, நாற்காலியும் தெரியவில்லை.