எல்லோருக்கும் கேட்ட அழுகை

கம்சாயினியின் தலைக்குள் அழுதுகொண்டிருந்த பிள்ளை, மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றிலிருந்து, சிறையின் பெண்கள் பகுதியில் இருந்த எல்லோருக்கும் கேட்கத் தொடங்கியது. வாவிக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவே புதிதாகக் கட்டிய சிறை அது. யாரையும் நம்பாதவள் என்று பெயரெடுத்த காவலர் புஸ்பம், எவளோ போன் ஒளித்து வைத்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். பாய்களை உதறினாள், சோற்றுக்குள் கரண்டி விட்டுப் பார்த்தாள், கம்சாயினியின் கொண்டையை அவிழ்த்தாள். காதை வைத்துக் கேட்டபோது, அழுகை அந்தப் பெண்ணின் நெற்றிக்குள்ளிருந்து வந்தது.

வவுணதீவுக்காரியான கம்சாயினி, பெற்ற சில நாளிலேயே தன் பிள்ளையைச் சாகவிட்டாள் என்ற வழக்கில், தீர்ப்பு வரும்வரை அடைத்துவைக்கும் விளக்கமறியலில் இருந்தாள். நடந்தது எதுவும் நினைவில்லை என்றாள். வழக்கிலிருந்து தப்ப நடிக்கிறாள் என்று புஸ்பம் மேலிடத்துக்குச் சொன்னாள். கம்சாயினியோ உண்ணவுமில்லை, உறங்கவுமில்லை. அழுகை எழும்போதெல்லாம் சுவரில் நெற்றியை மோதினாள்.

மாதத்துக்கொருமுறை, வாகனத்தின் எஞ்சினை நிறுத்தாமலே வந்து போகும் உளநல வைத்தியருக்கும் அழுகை கேட்டது. ஒருத்திக்கு மட்டும் கேட்டால் நோய், எல்லோருக்கும் கேட்டால் அது வெறும் சத்தம், சத்தத்துக்கு ஆசுபத்திரியில் கட்டில் கிடையாது என்று விளக்கினார். கட்டடப் பகுதியினர் வந்து, காற்றுத்தான் அழுகிறதென்று, மழைநீர் ஓடும் கூரைப் பீலிகளை அடைத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு பின்னேரம், சுவருக்கும் கம்சாயினியின் நெற்றிக்கும் நடுவே புஸ்பம் தன் உள்ளங்கையை வைத்தாள். கை வீங்கிப்போனது. நடிக்கிறவள் இப்படி மோதமாட்டாள் என்று அன்றுதான் அவளுக்குப் பட்டது.

வைத்தியர் மறுபடி வந்தபோது பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. சத்தம் கேட்கிறதா என்று, ஏறாவூர்க்காரியான ஸில்மியா என்ற கைதியிடம் முதலில் கேட்டார்.

"என்ன சத்தம் டொக்டர்? எங்களுக்கு ஒண்டும் கேக்கல்லயே."

மற்றப் பெண்களும் அதையே சொன்னார்கள். தனக்குத் தெரியாமல் கூடிப் பேசியிருக்கிறார்கள் என்று புஸ்பம் சந்தேகப்பட்டாள், சந்தேகம் சரிதான். வைத்தியர் அவள் பக்கம் திரும்பினார். அழுகையை மீறிக் கேட்கவேண்டி, புஸ்பம் குரலை உயர்த்தினாள்.

"எனக்கும் கேக்கல்ல, சேர்."

அவளை அவர் சந்தேகத்தோடு வெகுநேரம் பார்த்தார். பிறகு, தனக்குக் கேட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், கம்சாயினியை ஆசுபத்திரியில் சேர்க்கச் சொல்லித் துண்டு எழுதினார்.

அவளை ஏற்றிய வண்டியோடு அழுகையும் வாவிப் பாலத்தைத் தாண்டிப் போனது. ஆசுபத்திரியில் மருந்து கிடைத்தது, உட்கார்ந்து பேச ஒரு பெண் வைத்தியரும் கிடைத்தார். சில வாரங்களில் கம்சாயினி தூங்கினாள். வழக்கு இன்னும் நடக்கிறது. பிள்ளை இப்போது எப்போதாவதுதான் அழுகிறது. அப்போது அந்த ஆசுபத்திரி விடுதித் தாதியர், பார்க்க வந்தவர்களிடம் மெதுவாகப் பேசச் சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள்.