மேட்டுப் புல்

நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேடு மழைக்கு மழை கரைந்து வடிகட்டித் தொட்டியில் விழும். அதைப் பிடித்து நிறுத்த, சுருட்டிக் கொண்டுவரும் லான் புல்லை இன்ஜினியர் மூன்று முறை விரித்தார். மூன்று முறையும் கோடையில் சருகாயிற்று. நான் அங்கே தோட்டக்காரி. "இந்த மண்ணுலேயே வளர்ற புல்லை விதைச்சுப் பாப்போம் சார்" என்று வாயை விட்டது நான்தான். சும்மா இருக்கத் தெரியாது எனக்கு.

ரயில் பாதை ஓரத்தில் காய்ந்து நின்ற கதிர்களை இரண்டு மாதம் உருவிச் சேர்த்தேன். அதில் பாதியை, அவரை விதை ஊன்றுகிற மாதிரி விரல் ஆழத்தில் ஊன்றித் தொலைத்தேன். பஞ்சாகப் பறக்கிற விதைக்கு அவ்வளவு மண்ணைத் தள்ளிக்கொண்டு வரத் தெம்பு ஏது? ஒன்றுகூட முளைக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அடுத்த மழைக்கு மீதி விதையை மணலில் கலந்து தூவி, மண் போட்டு மூடாமல், மேடு முழுக்க வெறுங்காலால் மிதித்தேன். விதை மண்ணோடு ஒட்டினால் போதும். ஆபீஸ் ஜன்னலில் நின்று எல்லாரும் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஐந்து மாதம் ஆனது. களை முழங்கால் உயரம், என் புல் விரல் நீளம். களையைப் பிடுங்காமல், கணுக்கால் உயரத்துக்கு விட்டு மேலே மட்டும் வெட்டிக்கொண்டே இருந்தேன். புல்லுக்கு வெயில் கிடைக்க வேண்டுமே. தூரத்திலிருந்து பார்த்தால் மொட்டை அடிக்கும்போது பாதியில் எழுந்து வந்த தலை மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்று தகவல். இன்ஜினியர் கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலைல மேடு முழுக்கக் களைக்கொல்லி அடிச்சிடு. மறுநாள் லான் வந்துடும்."

"அடிக்க மாட்டேன் சார். களையோட புல்லும் செத்துப்போகும்."

"நீ அடிக்கலேன்னா வேற ஆள் அடிப்பான். நீ வேற வேலை தேடிக்க."

நேராகப் போய், களைக்கொல்லி இருக்கும் மருந்து அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அங்கே பம்ப் ஓட்டுகிறவர் என் அக்கா வீட்டுக்காரர். என் வேலை போய்விடுமே என்று பயந்து, மறுநாள் எனக்கு முன்னால் வந்து மேட்டில் ஒரு மூலையைச் சுத்தம் செய்திருந்தார். போய்ப் பார்த்தால் அகல இலைக் களை அத்தனையும் ஜம்மென்று நிற்கிறது. என் புல்லைத்தான் காணோம்.

"ஐயோ அத்தான்! பயிரைப் பிடுங்கிட்டுக் களையைக் காப்பாத்தி வெச்சிருக்கீங்களே!"

"பச்சப்பசேல்னு இருந்ததுதான் நல்லதுன்னு நெனச்சேம்மா. அந்தச் சனியனும் ஒழுங்கா வரல. இழுக்க இழுக்க மேலதான் அறுந்துச்சு, வேரு அசையவே இல்ல. விரலைப் பாரு."

தோல் உரிந்திருந்தது. திட்டுவதை விட்டு, நானும் ஒரு புல்லை இழுத்துப் பார்த்தேன்.

இன்ஜினியர் வந்ததும் கேட்டது, "சாவி எங்க?"

"தரேன் சார். மொதல்ல இதைப் பிடுங்குங்க."

ஒரு களையைக் காட்டினேன். இழுத்தார், மண்ணோடு வந்தது. புல்லைக் காட்டினேன். இழுத்தார், அறுந்தது. இன்னொன்று, அதுவும் அறுந்தது. ரோஷம் வந்து மண்வெட்டியை வாங்கி அவரே தோண்டினார். ஒரு முழம் தோண்டியும் வேர் முடிந்தபாடில்லை.

"மழையில மண்ணைப் பிடிக்கப் போறது எது சார்? நீங்களே சொல்லுங்க."

"வர்றவர் மண்ணுக்குள்ளயா பாப்பார்? மொட்டையா இருக்கேன்னு கேட்டா?"

"நான் சொல்லிக்கிறேன்."

"அவர் வந்து பாக்கற வரைக்கும் லானைத் தள்ளிப் போடறேன். அவர் முகம் சுளிச்சார்னா புல்லும் போகும், நீயும் போவே."

பழைய தகரத்தில் பெயிண்டால் எழுதி மேட்டடியில் நட்டேன்: 'இங்கே புல் இருக்கிறது. தெரியாவிட்டால் குனிந்து பாருங்கள்.'

அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். "பெரிய மனுஷனைக் குனியச் சொல்றியே, உனக்கே இது அடுக்குமா?"

"அவரு வர்றாருன்னு புல்லு எழுந்து நிக்குமா அத்தான்?"

அதிகாரி வந்தார். பின்னால் பத்துப் பேர். தகரத்தை ஒரு முறை படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"யார் எழுதினது?"

"நான்தாங்க. விதைச்சதும் நான்தான்."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். ஒரு புல்லைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். இன்னும் தாழக் குனிந்து அடியைத் தடவிப் பார்த்தார்.

"நீங்க கேட்டிருந்த லான் வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார் இன்ஜினியரிடம், தலையைத் தூக்காமலே.

அவர் குனிந்திருக்கும்போது மற்றவர்கள் எப்படி நிற்பது? இன்ஜினியர் குனிந்தார். ஜன்னலில் நின்று சிரித்த அத்தனை பேரும் குனிந்தார்கள். அந்த மேட்டில் நான் ஒருத்திதான் நிமிர்ந்து நின்றேன்.