அகராதியில் இல்லாத பெயர்

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள், மலேசியாவின் பெடாஸ் தோட்டத்தை ஒட்டிய வீட்டில், செத்துப்போன தம்பி கிருபானந்தனின் கைபேசியைத் துரைசிங்கம் கேட்டு வாங்கினார். தம்பி மகள் தர்ஷிகா திறந்து கொடுத்துவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

ஞாயிறுதோறும் ஆங்கிலப் பத்திரிகையில் ஒன்பது எழுத்துகள் வரும். அவற்றைக் கொண்டு யார் அதிகச் சொற்கள் கண்டுபிடிப்பது என்று அண்ணனும் தம்பியும் இருபது வருடமாகத் தொலைபேசியில் மோதினார்கள். கடைசி மூன்று வருடமும் தம்பிக்கே வெற்றி. அவன் சொற்களை ஒருமுறை பார்க்கத்தான் ஆசைப்பட்டார்.

கண்ணில் பட்டது, எழுத்துகளைக் கொடுத்தால் சொற்களைத் தேடித்தரும் இணையதளம். தம்பி தேடியதெல்லாம் வரிசையாகக் கிடந்தது.

அவர் முதுகு விறைத்தது. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணி, தோட்டத்து எழுத்தர்; வெள்ளைக்கார முதலாளி எழுதிய ஆங்கிலக் கடிதத்தையே திருத்தியவர். அவர் பிள்ளை, ஊருக்கே ஆங்கிலம் படிப்பித்த வாத்தியார், கள்ள ஆட்டம் ஆடியிருக்கிறான்! யாரும் பார்க்கும் முன் அழித்துவிட வேண்டும்.

அழிக்கப் போன விரல் நின்றது. கடைசி மாதங்களில் தேடியவை பத்திரிகை எழுத்துகளே அல்ல. கோப்பை, சாவி, சட்டை. குழந்தைக்கும் தெரிந்த ஆங்கிலச் சொற்களின் அரைகுறை எழுத்துகள். இறப்பதற்கு முந்தின வாரம், தர்ஷிகா பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள். ஒரே நாளில் ஏழு தடவை. தளம் ஏதேதோ காட்டியிருந்தது. எந்த அகராதியில் அவள் இருப்பாள்?

அந்த வாரத்து ஞாயிறுதான், பேச்சில் தம்பி ஒரு சொல்லுக்குத் தடுமாறியபோது, அவர் தொலைபேசியில் சீண்டினார்: "என்னடா வாத்தி, நாக்கு துருப்பிடிச்சுப் போச்சோ? கிராணி வீட்டு மானத்தை வாங்காதை!" தம்பி சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

தர்ஷிகா தேநீரை வைத்தாள். "பெரியப்பா, அப்பாவுக்கு என்மேல என்ன கோபம்? மூணு மாசமா பேர் சொல்லிக் கூப்பிடவே இல்ல லா. ஆஸ்பத்திரியில முகத்தக்கூடத் திருப்பிக்கிட்டாரு."

"எங்கட வீட்டு ஆம்பிளையள் காரணமில்லாமல் கோபிக்க மாட்டினம்." பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

"அப்ப கோபம்தான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இரு பிள்ளை." கைபேசியை அவள் பக்கம் நகர்த்தினார். "கோபமில்லை. உன்ர பேர் அவனுக்கு மறந்து போச்சு. தேடியிருக்கிறான்."

அவள் தேடல்களை ஒவ்வொன்றாக விரலால் நகர்த்திப் பார்த்தாள். "எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

துரைசிங்கம் தலை குனிந்தார்.

"எனக்குப் பயந்து."