ஆறு வாரம்

டப்பாவில் நான்கு காப்ஸ்யூல்கள் கூடுதலாக இருந்தன. அம்மா இரண்டு முறை எண்ணிவிட்டாள். செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. விடியும்போதே கிளம்பிவிடுவதால், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மகளுக்கு மருந்து கொடுப்பது கணவனின் பொறுப்பு.

மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் அவள் பெயர் பம்பரம். கவனம் ஓரிடத்தில் நிற்காத குறைபாடு என்று போன வருடம் டாக்டர் சொன்னார். முதலில் கொடுத்த மருந்து அன்றே வேலை செய்தது. ஆனால் பிள்ளை தட்டைத் தொடவே மறுத்தாள். இரண்டு கிலோ குறைந்தாள், கண்ணை ஓயாமல் சிமிட்டினாள். டாக்டர் மருந்தை மாற்றினார். இது முன்னதைப் போல மூளையைத் தூண்டும் ஊக்க மருந்து இல்லை, மெதுவாகத்தான் பிடிக்கும், ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும் என்றார். மூன்று வாரம் ஆகியும் வகுப்பில் தூங்கி வழிந்ததுதான் மிச்சம்.

சாயங்காலம் கேட்டபோது கணவன் மழுப்பவில்லை. அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எதைச் சரிசெய்தாலும் அது உடனே ஓட வேண்டும் அவனுக்கு.

"நாலு நாளாக் குடுக்கல. தூங்கி வழியறதப் பாக்கப் பாவமா இருந்துச்சு. நானும் இப்படித்தானே இருந்தேன்? மாத்திரை இல்லாம ஆளாகலையா?"

"ஆனீங்க. பத்தாவது தாண்டலையே."

சொல்லியிருக்கக் கூடாது என்று வாய் மூடும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் கையிலிருந்த தம்ளரை மெல்லக் கீழே வைத்தான்.

"உனக்கு மூளையே இல்லடான்னு வாத்தியார் தினமும் சொல்லுவாரு. இப்பவும் ஒரு வேலைல தப்பு வந்தா அவர் குரல்தான் முதல்ல கேக்குது."

பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் இதை அவன் சொன்னதில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் அவனே டாக்டருக்குப் போன் போட்டு, நிறுத்தியது நான்தான் என்று ஒப்புக்கொண்டான். டாக்டர் திட்டவில்லை. விட்டதைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம், இனி ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், வகுப்பில் தூக்கம் குறைகிறதா பார்ப்போம் என்றார். குறைந்தது. வேறு மாற்றம் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. தண்ணீர்ப் புட்டி ஒன்று தொலைந்தது. டீச்சரிடமிருந்து இன்னொரு புகார் வந்தது. பசி மட்டும் குறையவில்லை.

ஏழாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த பம்பரம், யாரும் கேட்காமலே அப்பாவிடம் சொன்னாள்.

"முன்னாடி எல்லா சத்தமும் ஒண்ணா வந்து இடிக்கும்ப்பா. இப்ப வரிசைல வருது."

"எல்லா நேரமுமா?"

"இல்ல. சில நேரம்."

அவன் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். மேசைக்கு அடியில் இரண்டு பேருடைய காலும் ஒரே வேகத்தில் ஆடிக்கொண்டிருந்ததை அம்மா பார்த்தாள். கொஞ்ச நேரத்தில், கணக்கின் நடுவில், மகளின் கால் நின்றது. அவனுடையது ஆடிக்கொண்டே இருந்தது.