பக்கத்து நாற்காலிக்காரரின் அரிப்பு

"இன்னும் கொஞ்சம் திருப்பிப் பிடிடி" என்றாள் தையல்காரி. மகள் தோளைத் தாங்கிக்கொள்ள, அவள் ஈரத்துணியால் புருஷனின் முதுகைத் துடைத்தாள். உயிர் போய் இரண்டு மணி நேரம் ஆகிறது. பாழாய்ப்போன முதுகு, ஒரு பொட்டுத் தடிப்புகூட இல்லாமல் வழவழவென்று கிடந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

எட்டு மாதமாக எரிகிற வயிறுதான். உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்மேல் ஏவிவிடும் மருந்து என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அவருக்கு ஏற்றினார்கள். பக்கத்து நாற்காலியில் அதே மருந்தை ஏற்றிக்கொண்ட தபால்காரருக்கு இரண்டாம் தடவையே உடம்பெல்லாம் சிவந்து தடித்து ஒரே அரிப்பு. பிறகு கைகளில் வெள்ளைத் திட்டுகள். "மருந்து பிடிச்சிருச்சுன்னு அர்த்தமாம்" என்று அவர் மனைவி பூரித்துப்போனாள். கட்டியும் சுருங்கிற்று.

"அப்படிக் கணக்குப் போடக் கூடாதும்மா. தோல்ல ஒண்ணும் வராமலே சிலருக்குக் கேக்கும்" என்றார் டாக்டர். யார் காதில் ஏறியது? அன்று முதல் தினமும் காலையில் புருஷனின் சட்டையைக் கழற்றி, ஜன்னல் பக்கம் நிறுத்தித் தேடுவாள்.

"நான் என்ன நீ தைக்கிற துணியா?" என்பார் அவர்.

ஒரு நாள் விலாவில் சிவப்புச் சிவப்பாகக் கோடுகள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தபால்காரர் வீட்டுக்கே போன் போட்டு, "எங்க வீட்டுக்காரருக்கும் வந்துருச்சு" என்றாள். மூன்றே நாளில் மறைந்துவிட்டது.

"அம்மா, அது அப்பாவே சீப்பால கீறிக்கிட்டது" என்றாள் மகள் இப்போது. "உங்கம்மா மூஞ்சியப் பாக்க முடியலன்னார்."

தையல்காரி துணியை முறுக்கிப் பிழிந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள்.

கூடத்துக்கு வந்தபோது தபால்காரரும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். இந்த மனுஷன் போயிருக்கக் கூடாதா என்று நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்படவும் இல்லை. தபால்காரரின் கை தானாக முழங்கைப் பக்கம் போயிற்று. "எழவு வீட்ல என்னங்க, கொஞ்சம் அடக்குங்க" என்று மனைவி கிசுகிசுத்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்தார் மனுஷன்.

"சொறிஞ்சுக்குங்கண்ணா" என்றாள் தையல்காரி.

"இல்லம்மா, பரவால்ல."

"நான் பாக்கணும்."

தபால்காரர் மனைவியைப் பார்த்தார். பிறகு மெதுவாக முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றினார். தையல்காரி இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.